படமாகாத முதல் இரவுகள்

புரோக்ரஸிவ் ராக் இசையில் ஒரு தொகுப்பின் அரங்கேற்றம் துணிச்சலான காரியம். நாற்பது, ஐம்பது நிமிடம் ஓடும் ஒரே படைப்பை, அதில் ஒரு வரியும் கேட்டிராத சபையின் முன் முழுதாக வைக்க வேண்டும். அப்படிப்பட்ட இரவுகளில் பெரும்பாலானவை படமாகாமல் போனதை இந்தத் துறையின் பேரிழப்பாகவே கருதுகிறேன்.

பிங்க் ஃபிளாய்ட் குழு ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ படைப்பை 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டன் நகரில் முதன்முதலாக வாசித்தது. கருவிக் கோளாறால் அது பாதியில் நின்றது. இசைத்தட்டு வந்தது 1973 மார்ச்சில். இடைப்பட்ட மாதங்களில் மேடை மேடையாக வாசித்தே அதைச் செப்பனிட்டார்கள். 1974 நவம்பரில் ஜெனெசிஸ் குழு சிகாகோவில் தொடங்கிய ‘தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ சுற்றுப்பயணத்துக்கும் முழுநீளப் படம் இல்லை. அதன் பாடகர் பீட்டர் கேப்ரியலின் வேடங்களைப் பெரும்பாலும் புகைப்படங்களில்தான் பார்க்கிறோம்.

கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் வேறு வழியில் போனார். ஜூல் வேர்னின் நாவலைத் தழுவிய ‘ஜேர்னி டு த சென்டர் ஆஃப் தி எர்த்’ படைப்பை, ஒலிப்பதிவுக்கூடச் செலவு கட்டுப்படியாகாததால், 1974 ஜனவரி 18 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் சபை முன்னிலையிலேயே பதிவு செய்தார். லண்டன் சிம்பொனி இசைக்குழு, பாடகர் குழு, கதைசொல்லி டேவிட் ஹெம்மிங்ஸ், நடத்துநர் டேவிட் மெஷம். அந்த அரங்கேற்றமே இசைத்தட்டாகி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

மறு ஆண்டு அதே படைப்பு மெல்பர்ன் வந்தபோது கேமராக்கள் காத்திருந்தன. ‘சிட்னி மையர் மியூசிக் பவுல்’ திறந்தவெளி அரங்கில், உள்ளூர் வாத்தியக் குழுவோடும் பாடகர் குழுவோடும் வாசித்தது இன்று டிவிடியாகக் கிடைக்கிறது. உலகின் முதல் மேடை அதுவல்ல. ஆனால் முதல் மேடையின் பதற்றத்துக்கு நமக்குக் கிட்டிய மிக நெருங்கிய சாட்சி அது. அக்காலக் குழுக்கள் பாடகர் குழுவின் ஒலிக்கு மெலட்ரான் என்ற நாடாக் கருவியை நம்பின. இங்கே நிஜக் குரல்கள் இருக்கின்றன. டிரம்ஸை நம்பி ஓடும் ராக் குழுவையும், தாளைப் பார்த்து வாசிக்கும் வாத்தியக் குழுவையும் ஒரே காலப்பிரமாணத்தில் பிடித்துவைப்பது நடத்துநரின் கை. இசைத்தட்டில் அந்தக் கை தெரியாது.

அரங்கேற்றத்தை ஏன் படமாக்க வேண்டும் என்பதை சிட்னியின் செவன் ஹில்ஸ், டூங்காபி, பென்டில் ஹில் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளையின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்கும்போதே வீடியோகாரரையும் ஒழுங்கு செய்கிறார்கள். அது ஆடம்பரம் என்று சிலர் குறைபட்டாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மெல்பர்ன் கச்சேரி நடந்த அதே 1975இல், ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்தில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் சக்தி குழு தன் முதல் தொகுப்பை நேரடிக் கச்சேரியாகவே பதிந்தது. சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்த எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். ஒலி பிரமாதம். ஆனால் கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் நாதத்தை மாற்றும் வித்தையைக் காதால் ஊகிக்கத்தான் முடிகிறது.

சிட்னியின் செபாஸ்டியன் ஹார்டி குழுவும் அவ்வாண்டில்தான் ‘ஃபோர் மொமென்ட்ஸ்’ தொகுப்பை வெளியிட்டது. தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே நெடும்படைப்பு. ஆஸ்திரேலியாவின் சிம்பொனிக் ராக் இங்கிருந்துதான் வேர்பிடித்தது என்பேன். 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் புரோக்ஃபெஸ்ட் விழாவில் அவர்கள் மீண்டும் கூடி வாசித்தது நேரடித் தட்டாக வந்தது. அதில் நிதானமும் தேர்ச்சியும் கேட்கின்றன. குழுவின் கிட்டார் கலைஞர் மாரியோ மில்லோ தன் இருபதுகளின் தொடக்கத்தில் அந்த நெடும்படைப்பின் கிட்டார் மெட்டைச் சிட்னிச் சபையின் முன் எப்படி நீட்டினார் என்பதைப் பார்க்கவே நான் ஆசைப்படுகிறேன்.