பெனிசிலின் போட்ட அந்த ராத்திரி: ஆலிவர் சாக்ஸின் ‘மன்மத நோய்’ பற்றி

ஆலிவர் சாக்ஸ் எழுதியதில் எனக்குப் பிடித்த அத்தியாயங்களில் ஒன்று ‘க்யூபிட்ஸ் டிசீஸ்’. தமிழில் ‘மன்மத நோய்’ எனலாம். மனைவியைத் தொப்பின்னு நினைச்சவரோட கதை வருமே, அந்த 1985 புத்தகத்தில் இருக்கிறது. அதன் முடிவு மேல எனக்கு ஒரு புகார் உண்டு.

கதை இதுதான். நடாஷா, 90 வயசுப் பாட்டி. 88 தாண்டியதும் திடீரென்று ஒரு உற்சாகம், வாலிபப் பசங்களைப் பார்த்தால் ஒரு குறுகுறுப்பு. காரணத்தை அவரே கண்டுபிடிக்கிறார்: சுமார் 70 வருஷத்துக்கு முன்னால் சலோனிகாவில் ஒரு விபசார விடுதியில் இருந்தபோது வந்த சிபிலிஸ். தண்டுவட நீரைப் பரிசோதித்தால் அவர் சொன்னதுதான் சரி. நோய் முத்தவும் கூடாது, இந்தச் சந்தோஷம் போகவும் கூடாது என்பது பாட்டியின் ஆசை. பெனிசிலின் கொடுக்கிறார்கள். கிருமி செத்துவிடுகிறது, மூளையில் ஏற்கனவே நடந்த மாற்றம் அப்படியே நிற்கிறது. பாட்டி நினைத்தது நடந்துவிட்டது.

கிருமி போனாலும் மூளை பழையபடி திரும்பாது என்பதை இவ்வளவு லேசாகச் சொன்னவர்கள் குறைவு. அதுக்காகவே இதைப் படிக்கலாம். ஆனால் பெனிசிலின் இங்கே ஒரே வாக்கியத்தில் வந்து போகிறது. ஊசி போட்ட நாட்கள் எப்படிப் போயின என்ற பேச்சே இல்லை. படிக்கிறவர், ‘மருந்து போட்டாங்க, கிருமி செத்துச்சு, அவ்வளவுதான்’ என்று நினைத்துவிடுவார். நிஜத்தில் அப்படி இல்லை.

மூளைக்குப் போன சிபிலிஸுக்கு வழக்கமான மருத்துவம்: தினமும் 1.8 முதல் 2.4 கோடி யூனிட் பெனிசிலின், நரம்பு வழியாக, 10 முதல் 14 நாள். முதல் டோஸ் போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், தலைவலி வரலாம். கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது வெளியாகும் பொருட்களுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. பெரும்பாலும் 24 மணி நேரத்தில் அடங்கிவிடும். நோய் மூளையில் இருந்தால் சிலருக்கு வலிப்பு வரும், குழப்பம் கூடும், பித்து இன்னும் முத்தின மாதிரி தெரியும்.

இதற்கு யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர். யாரிஷ் இதை எழுதியது 1895-ல், ஹெர்க்ஸ்ஹைமர் 1902-ல். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்! அப்போது கொடுத்தது பாதரசம். அதாவது இது பெனிசிலின் அலர்ஜி இல்லை, எந்த மருந்து கிருமியைக் கொன்றாலும் வரக்கூடியது.

எல்லாத்தையும் இதன் தலையில் கட்டவும் முடியாது. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவருக்கு இவ்வளவு பெனிசிலின் உடம்பில் தேங்கினால், அந்த மருந்தே வலிப்பை உண்டாக்கும். தசையில் போடும் புரோகெயின் பெனிசிலின் தவறி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால், ‘செத்துடுவேன்’ என்று கத்துகிற அளவுக்குப் பயம் பிடிக்கும். சில நிமிஷங்களில் போய்விடும். தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் அது நிஜ அலர்ஜி. காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

இதையெல்லாம் நான் ஏன் இழுக்கிறேன்? நான் இருப்பது சங்கரன்கோவிலில். தோலில் எது வந்தாலும் கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணைப் பூசுகிற ஊர். மருந்தைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒரு சொல் உண்டு: ‘ஒத்துக்கல’. விசைத்தறிக் கூலியை விட்டுவிட்டு, அப்பாவைத் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் ஒரு மகனை நினைச்சுப் பாருங்க. ஊசி போட்ட ராத்திரியே அப்பாவுக்கு வலிப்பு. ‘ஊசி ஒத்துக்கல, வீட்டுக்குப் போயிருவோம்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? மூளையைத் தாக்கி பித்தாக்கும் சிபிலிஸை மருந்தில்லாமல் விட்டால் சில வருஷங்களில் சாவுதான். 14 நாளில் முதல் நாளோடு நிறுத்தினால் அந்த வழிக்கே திரும்பிப் போகிற மாதிரி.

நடாஷாவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சந்தோஷம். அவருக்கு மிச்சமானது கொஞ்சம் குறும்பு. மற்றவர்களுக்கு மிச்சமாவது மறதியாகவும், வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரையாகவும் இருக்கலாம். சாக்ஸ் தன் ரசனைக்கேற்ற நோயாளியைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லை. ஆனால் அவரே ஒரு நரம்பியல் மருத்துவர். அந்த முதல் ராத்திரிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் கதையின் அழகு ஒன்றும் குறைந்திருக்காது.

அத்தியாயத்தைக் கண்டிப்பாகப் படிங்க. நாளைக்கு உங்க வீட்டில் யாருக்காவது இப்படி ஊசி போட்டு நிலைமை மோசமானால், உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. ‘நிறுத்துங்க’ என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று கேளுங்க: “இது மருந்தால வந்ததா, கிருமி சாகிறதால வந்ததா?”