ஓர் அணைப்பில் கைமாறும் சொத்து

சோபாவில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். பதினேழு வயது. பக்கத்தில் அவன் அம்மா சாய்ந்து கிடக்கிறாள். டிவியில் பெட்டி திறக்கும் பணப்போட்டி ஓடுகிறது. நம் ஊரில் சன் டிவியில் ‘டீலா நோ டீலா’ என்று வந்ததே, அதன் ஆஸ்திரேலிய வடிவம். அம்மா தூங்குகிறாள் என்றுதான் நினைக்கிறோம். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் உள்ளே வருகிறார்கள். என்ன எடுத்துக்கொண்டாள் என்று கேட்கிறார்கள். ஹெராயின் என்கிறான் பையன். தரையில் கிடத்தி அவர்கள் அவள் உயிரைக் காக்கப் போராடும்போது, அவன் பார்வை மெல்ல நழுவி டிவிக்குப் போகிறது. அங்கே யாரோ ஒரு பெட்டியைத் திறக்கிறார்கள்.

2010இல் வெளிவந்த ‘அனிமல் கிங்டம்’ படத்தின் முதல் காட்சி இது. டேவிட் மிஷோட் இயக்கிய முதல் முழுநீளப் படம். இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை, இந்தப் பையனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று தோன்றியது. இரண்டாம் முறை, அவன் அதிர்ச்சியில் உறைந்திருக்கிறான் என்று புரிந்தது. மூன்றாம் முறைதான் உண்மை உறைத்தது. அவன் பழகிப்போயிருக்கிறான். அம்மா இப்படிச் சாய்ந்து கிடப்பதை எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறான். இன்று அவள் எழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு குடும்பம் தன் பிள்ளைக்கு விட்டுச்செல்லும் முதல் சொத்து இந்தப் பழக்கம்தான் என்பதை, அதைப் பற்றி ஒரு வரி வசனம்கூட இல்லாமல் மிஷோட் சொல்லிவிடுகிறார்.

முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தின் அழகைப் பேச முடியாது. அதனால் கதை முழுவதையும் தொட்டே எழுதுகிறேன்.

பையனின் பெயர் ஜோஷுவா. எல்லாருக்கும் அவன் ‘ஜே’. போக வேறு இடம் தெரியாமல் பாட்டிக்குப் போன் செய்கிறான். அம்மா பல வருடங்களாக ஒட்டாமல் விலக்கி வைத்திருந்த பாட்டி. உடனே வந்து அழைத்துப்போகிறாள். அங்கே மூன்று மாமன்கள். மூத்தவன் போப், போலீசுக்குப் பயந்து தலைமறைவாக இருக்கும் ஆயுதக் கொள்ளையன். நடுவன் கிரெய்க், போதைப்பொருள் விற்பவன், எந்த நொடியில் வெடிப்பான் என்று தெரியாதவன். கடைசி மாமன் டேரனுக்கு ஜேயைவிடச் சில வயதுதான் கூடுதல். இவர்களோடு போப்பின் நண்பனும் கொள்ளைக் கூட்டாளியுமான பேரி. அம்மா ஏன் இவர்களிடமிருந்து ஓடினாள் என்பதைத் தொடக்கத்தில் ஜேயின் குரலே சொல்கிறது. அவளுக்குப் பயம். அந்த வீட்டில் எல்லாருக்குமே பயம், யாரும் காட்டிக்கொள்வதில்லை. குற்றம் செய்கிறவன் என்றைக்காவது ஒருநாள் கவிழ்ந்தே தீருவான் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை மறந்திருப்பதுதான் அவர்கள் வாழ்க்கை. படம் நகர நகர ஜேயின் குரல் ஒதுங்கிவிடுகிறது. பிறகு அவன் முகத்தை மட்டுமே வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு நிஜ நிழல் உண்டு. 1988 அக்டோபரில் மெல்பர்ன் நகரின் சவுத் யாரா பகுதியில், வால்ஷ் தெருவில், கேட்பாரற்று நின்ற ஒரு காரைப் பார்க்கப் போன இரண்டு இளம் காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20. அதற்கு முந்தைய நாள்தான், கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. காவலர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரும் 1991இல் விடுதலையானார்கள். மிஷோட் இந்த எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆட்களையும் குடும்பத்தையும் கற்பனையில் உருவாக்கினார். சினிமாப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தவர் அவர். திரைக்கதையை ஏறக்குறைய பத்தாண்டுகள் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார். அந்தப் பொறுமை ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

குற்றக் குடும்பம் என்றதும் நமக்கு 1972இல் வந்த ‘தி காட்ஃபாதர்’ நினைவுக்கு வரும். அங்கே கல்யாண வீட்டுக் கூட்டம், தேவாலயம், மங்கிய வெளிச்சத்தில் ஒரு ராஜாங்கம். மகன் அதற்குள் இறங்கி அழிந்துபோகும்போதுகூட, ஒரு சிம்மாசனம் கைமாறும் கம்பீரம் இருக்கும். கோடி (Cody) என்ற குடும்பப்பெயர் கொண்ட ஜேயின் பாட்டி வீட்டாரிடம் அப்படி எதுவும் கிடையாது. புறநகரில் ஒரு சாதாரண வீடு, சோபா, சமையலறை, எப்போதும் ஓடும் டிவி. மிஷோட் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு எது என்று கேட்டால், கொள்ளையர்களின் படத்தில் கொள்ளையைக் காட்டாததைத்தான் சொல்வேன். தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது, முகமூடி அணிந்தவர்கள் துப்பாக்கி நீட்டி நிற்கும் கண்காணிப்பு கேமரா படங்கள், மங்கலாக, அசையாமல் வந்து போகின்றன. அதோடு சரி. அந்தத் தொழிலின் காலம் முடிந்துவிட்டது. சாகசமெல்லாம் பழைய புகைப்படமாகிவிட்டது. மிச்சமிருப்பது அதைச் செய்தவர்களும், அவர்கள் வாழும் வீடும், அந்த வீட்டில் வளர வந்திருக்கும் ஒரு பிள்ளையும்தான்.

அந்த வீட்டின் நடுவே பாட்டி இருக்கிறாள். பெயர் ஜெனின்; எல்லாரும் ‘ஸ்மர்ஃப்’ என்கிறார்கள். நீலக் கார்ட்டூன் பொம்மைகளின் பெயர். குள்ளமான உருவம், பொன்னிற முடி, குறையாத புன்னகை. வாய்க்கு வாய் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடுவாள். வளர்ந்த பிள்ளைகளின் உதட்டில் முத்தமிடுவாள். ஒரு நொடியில் முடிய வேண்டிய முத்தம் இரண்டு மூன்று நொடி நீளும். நமக்கு நாற்காலியில் நெளிய வேண்டும்போல இருக்கும். ஜாக்கி வீவர் இந்தப் பாத்திரத்தைச் செய்தபோது, 1970களிலேயே ஆஸ்திரேலியத் திரையிலும் மேடையிலும் பெயர் பெற்றவர். உலகம் அவரைக் கண்டுகொண்டது இந்தப் படத்தில்தான். ஆஸ்கர் துணை நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

அவர் நடிப்பில் நான் வியப்பது, அவர் எந்த இடத்திலும் வில்லியாக மாறுவதில்லை என்பதைத்தான். பின்பாதியில், பேரன் போலீசிடம் வாய் திறந்துவிடுவான் என்ற நிலை வருகிறது. தன் பிள்ளைகளைக் காப்பாற்ற, பேரனைத் தீர்த்துக்கட்ட வழி தேடுகிறாள். ஊழல் அதிகாரி ஒருவனிடம் அதைப் பேசும்போது, அவள் குரலில் அதுவரை இருந்த இனிப்பில் ஒரு துளிகூடக் குறைவதில்லை. முகம் கறுப்பதில்லை, கண் சிவப்பதில்லை. அந்த அம்மாவின் அன்புதான் அந்தக் கொலையையும் கேட்கிறது. இரண்டும் ஒரே ஊற்று. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்ற நம் பழமொழியைப் பல முறை கேட்டிருக்கிறேன். அந்த நூல் எப்படி நூற்கப்படுகிறது என்பதை இவ்வளவு அருகில் வைத்துக் காட்டிய படம் வேறொன்று எனக்குத் தெரியாது.

படத்தின் முன்பாதியில் இரண்டு சிறிய காட்சிகள் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமானவை. சேர்த்துப் பார்த்தால் படமே அதில்தான் இருக்கிறது. ஒன்றில், கழிப்பறையில் கை கழுவாமல் நகரும் ஜேயை பேரி நிறுத்துகிறான். கை கழுவச் சொல்கிறான். ஒரு அப்பா ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது. இன்னொன்றில், சாலையில் வேறொரு காரில் இருப்பவர்கள் வம்பிழுக்க, கிரெய்க் ஒரு துப்பாக்கியை ஜேயின் கையில் கொடுத்து, இறங்கிப்போய்க் காட்டிவிட்டு வரச் சொல்கிறான். பையன் இறங்குகிறான், நீட்டுகிறான். குண்டு வெடிக்கவில்லை. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. அதே கை. ஒருவன் அதைக் கழுவச் சொன்னான். மற்றவன் அதில் ஆயுதத்தை வைத்தான். பரம்பரைச் சொத்து எழுதிவைத்து வருவதில்லை. இப்படித்தான் பேச்சுவாக்கில், கையிலிருந்து கைக்கு வருகிறது.

அந்தக் கூட்டத்தில் கை கழுவச் சொன்னவன்தான் முதலில் சாகிறான். பேரி நல்லவன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் மாறிவிடலாம் என்று நினைத்த ஒரே ஆள். காலம் மாறிவிட்டது, பணத்தைப் பங்குச்சந்தையில் போடலாம் என்று போப்பிடம் சொல்லிப்பார்க்கிறான். வாகன நிறுத்தத்தில், காருக்குள் இருக்கும் அவனைப் போலீஸ் சுட்டுவிடுகிறது. ஜோயல் எட்ஜர்டன் இந்தச் சிறிய பாத்திரத்துக்குக் கொடுத்த வெதுவெதுப்பு, அவர் போன பிறகுதான் தெரிகிறது. வீட்டில் சட்டென்று குளிர் ஏறிவிடுகிறது. பழிக்குப் பழியாக, ஜேயிடம் ஒரு காரைத் திருடச் சொல்லி, அதைத் தெருவில் நிறுத்தி, பார்க்க வந்த இரண்டு காவலர்களை மாமன்கள் கொல்கிறார்கள். பேரியைச் சுட்டவர்கள் இவர்கள் இல்லை. சீருடை ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான் இவர்கள் செய்த பாவம். எய்தவன் இருக்க அம்பை நோகும் பகை, தலைமுறை தாண்டுவது இப்படித்தான்.

போப்பாக பென் மெண்டல்சன். இந்த நடிப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அவர் கத்துவதில்லை. மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கவலை, என்னிடம் சொல்லலாமே என்று கேட்பார். அக்கறையான அண்ணன் பேசும் வார்த்தைகள்தான். அந்தக் கண்ணில் மட்டும் ஆள் இருக்கமாட்டார். ஒரு காட்சியில் டிவியில் ஏர் சப்ளை குழுவின் பழைய காதல் பாட்டு ஓடுகிறது. ஜேயின் காதலி நிக்கி சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். போப் பாட்டைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். வேறெதுவும் நடக்கவில்லை. கேமரா அசையாமல் அவன் முகத்திலேயே நிற்கிறது. மென்மையான அந்த மெட்டு ஓட ஓட எனக்கு வயிறு கலங்கியது. பயமுறுத்தும் இசையைப் போட்டிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. ஆன்டனி பார்ட்டோஸின் பின்னணி இசை மற்ற இடங்களில் அடிவயிற்றில் உறுமும் கனத்த ஒலியாக வருகிறது. இங்கே விலகி நின்று, காதல் பாட்டைத் தனியாக விடுகிறது.

அந்தச் சோபாவையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் காட்சியில் அம்மா சாய்ந்து கிடந்தது ஒரு சோபா. இங்கே நிக்கி தூங்குவது இன்னொரு சோபா. பிறகு, ஜே போலீசிடம் ஏதாவது சொன்னானா என்று சந்தேகப்பட்டு, போப் நிக்கிக்கு ஹெராயினைச் செலுத்தி, மூச்சை அடைத்துக் கொல்கிறான். அம்மாவைக் கொன்ற அதே பொருள். இந்த ஒற்றுமையைப் படம் சுட்டிக்காட்டுவதில்லை, யாரும் வாயால் சொல்வதும் இல்லை. ஜேக்குப் புரியும்போது நமக்கும் புரிகிறது. அம்மாவுக்காக வராத அழுகை அப்போது வருகிறது, குளியலறையில், தனியாக, யாருக்கும் கேட்காமல். ஜேம்ஸ் ஃப்ரெஷ்வில் அதுவரை மூடி வைத்திருந்த முகம் அந்த ஒரே இடத்தில் உடைகிறது. ஒளிப்பதிவாளர் ஆடம் ஆர்கபாவ் அந்த அழுகையை அலங்கரிக்காமல் விட்டதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கய் பியர்ஸ் நடித்த லெக்கி என்ற போலீஸ் அதிகாரி, அந்தப் பையனைக் காப்பாற்ற முடியும் என்று உண்மையாகவே நம்புகிறார். காட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும் மரமும் ஒரு நிமிடத்துக்குள் செத்துப்போகும் பூச்சியும் தத்தம் இடத்தை அறிந்திருக்கின்றன, நீ பலவீனமானவன், இதுவரை பலமானவர்களின் நிழலில் பிழைத்தாய், அவர்களின் பலம் போய்விட்டது, உன் இடம் எது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும் என்ற பொருளில் அவனிடம் பேசுகிறார். நல்ல மனிதர் நல்லெண்ணத்தோடு சொன்னது. பையன் அதைக் கேட்டுக்கொள்கிறான், அவர் நினைத்த அர்த்தத்தில் அல்ல. போலீசின் பாதுகாப்பு தன்னைக் காக்காது என்று கண்டபின், காவலர் கொலை வழக்கில், நீதிமன்றத்தில் மாமன்களுக்குச் சாதகமாக நிற்கிறான். போப்பும் டேரனும் விடுதலையாகிறார்கள்.

ஜே பாட்டி வீட்டுக்குத் திரும்பி வருகிறான். இங்கேயே தங்கலாமா என்று கேட்கிறான். அறையில் போப் அவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி வெடிக்கிறது. போப் முடிந்தான். ஜே வெளியே நடந்து வந்து, பாட்டியை இறுக அணைத்துக்கொள்கிறான்.

படம் நெடுக அணைப்பைக் கேட்டு வாங்குகிறவள் ஸ்மர்ஃப்தான். முத்தமும் அணைப்பும் அவள் ஆட்சியின் முத்திரை. கடைசியில் முதல் முறையாக அணைப்பது பேரன். அவள் திகைத்து நிற்கிறாள். அந்த வீட்டின் மொழியை அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அன்பும் கொலையும் ஒரே கையால் செய்யக்கூடியவை என்பதை அவளிடமிருந்தே கற்றுக்கொண்டான். நிக்கிக்கு நியாயம் கிடைத்தது என்று மனம் ஒரு நொடி ஆறுகிறது. அடுத்த நொடி, அந்த ஆறுதலே நம்மைக் கூச வைக்கிறது. போப் செத்துவிட்டான், போப்பின் இடம் காலியாகவில்லை.

சண்டான்ஸ் விழாவில் உலக சினிமாப் பிரிவின் உயர்ந்த பரிசை இந்தப் படம் வென்றது. 2016 முதல் 2022 வரை அமெரிக்காவில் இதே பெயரில் தொடராகவும் வந்தது. கதை கலிபோர்னியாவுக்குப் போனது. ஆனால் எனக்கு இந்தக் கதை, மெல்பர்னின் அந்த எடுப்பில்லாத வீட்டில், 113 நிமிடத்தில் முழுமையாக முடிந்துவிட்டது.

மூன்றாம் முறை பார்த்து முடித்ததும், முதல் காட்சியை மட்டும் மறுபடி ஓடவிட்டேன். சோபாவில் அதே பையன். அம்மா பக்கத்தில். அவன் இன்னும் பாட்டிக்குப் போன் செய்யவில்லை. போனை எடுக்காதே என்று அவனிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அழைக்க வேறு எண் எதுவும் யாரும் கொடுத்திருக்கவில்லை.