மைதானத்தை விட்டுவிட்டு வந்த விழா

செப்டம்பர் கடைசியில் சாணக்யபுரிப் பக்கம் போனால் நட்சத்திர ஓட்டல்களில் நீல வெள்ளைத் தோரணங்கள் தொங்கும். ம்யூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் டெல்லிக்கு வந்துவிட்டதாம். சீட்டு வாங்கியவர்களுக்கு பீர், சாஸேஜ், பவேரிய வாத்தியக் குழு. ஒரு நாட்டார் விழாவை நம் வாசலுக்கே கொண்டுவரும் பண்பாட்டுப் பரிமாற்றம் இது, இதில் குறை காண்பது குறுகிய மனம் என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதம் தவறு.

நல்லது எதுவும் இல்லை என்று சொல்லமாட்டேன். வாசிப்பவர்கள் உண்மையாகவே வாசிக்கிறார்கள், சமைப்பவர்கள் அக்கறையோடு சமைக்கிறார்கள். குடியைக் காட்டி விழாவையே பழிக்கும் கட்சியிலும் நான் இல்லை. ம்யூனிக்கிலும் வணிகம் கொழிக்கிறது. ஒரு லிட்டர் கோப்பை 15 யூரோவைத் தொட்டுவிட்டது.

ஆனால் ஊராரை வெளியே நிறுத்திவிட்டு ஊர்த் திருவிழா நடத்த முடியுமா?

1810 அக்டோபர் 12-ஆம் தேதி பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் திருமணம். 17-ஆம் தேதி நகருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. குடிமக்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு. அந்த வெளிக்கு மணமகளின் பெயரே நிலைத்தது: தெரேசியன்வீஸ. பவேரியா முடியரசாகி அப்போது நான்கே ஆண்டுகள். புதிய நாட்டின் மக்கள் ஓரிடத்தில் கூடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள அந்தப் பந்தயம் வழிசெய்தது. மறு ஆண்டு வேளாண் கண்காட்சி சேர்ந்தது. உழவர்கள் மாடும் குதிரையும் ஓட்டி வந்து பரிசு வாங்கிப் போனார்கள். 1819-இல் நகராட்சி பொறுப்பேற்றது. இன்று நாம் படத்தில் பார்க்கும் பெரிய பீர்க் கூடாரங்கள் அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் எழுந்தன. விழாவுக்குப் பிந்தி வந்த விருந்தாளியை மட்டும் டெல்லிக்கு அழைத்து வந்திருக்கிறோம். பந்தயமும் கண்காட்சியும் ஊர்வலமும் விமானம் ஏறவில்லை.

அவற்றைவிடப் பெரிய இழப்பு மைதானம். தெரேசியன்வீஸவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. 2023-இல் 72 லட்சம் பேர் போனார்கள். ஒரு மிடறும் குடிக்காமல் பேரனை ராட்டினத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும் பாட்டியும் அவர்களில் அடக்கம். முதல் பீப்பாயைத் திறப்பவர் நகர மேயர். எந்த ஆலை பீர் விற்கலாம் என்பதற்கும் ஊர்க் கட்டுப்பாடு உண்டு: ம்யூனிக்கின் ஆறு ஆலைகளுக்கு மட்டுமே இடம். விழாவில் கேள்வி கேட்கவும் சண்டை போடவும் அந்த ஊர்க்காரனுக்கு உரிமை இருக்கிறது. இங்கோ வாசலில் காவலாளி நிற்கிறார். மதுவுக்கு டெல்லிச் சட்டம் வைத்திருக்கும் வயது 25. கல்லூரிப் பிள்ளைக்கே அந்தக் கோப்பையில் பங்கில்லை எனும்போது, பக்கத்துக் குடியிருப்பில் வேலை பார்க்கும் குடும்பம் எப்படி உள்ளே வரும்? ஓட்டலின் உணவுப் பிரிவு நடத்தும் விருந்தை விருந்து என்றே சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. நாட்டார் விழா என்ற பெயரை மட்டும் அதற்குத் தராதீர்கள்.

இதில் என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாணக்யபுரிக்குச் சில கிலோமீட்டர் தெற்கே மெஹ்ரௌலியில் பூக்காரர்களின் ஊர்வலமான ஃபூல் வாலோன் கீ சைர் இருக்கிறது. அதுவும் அரண்மனையில் பிறந்ததுதான். நாடு கடத்தப்பட்ட முகலாய இளவரசர் மிர்ஸா ஜஹாங்கீர் திரும்பி வந்ததற்காக அவருடைய தாய் மும்தாஜ் மஹல் நேர்த்திக்கடன் செலுத்தினார். அந்தக் கதையை 1812-ஐ ஒட்டிச் சொல்வார்கள். பக்தியார் காக்கி தர்காவுக்குப் போர்வை, யோகமாயா கோயிலுக்குப் பூவிசிறி. அரசியின் வேண்டுதலை நகரம் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1942-இல் ஆங்கிலேயர்கள் நிறுத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் நேருவின் ஆதரவோடு மறுபடி தொடங்கியது. ம்யூனிக் திருமணத்துக்கும் இந்த வேண்டுதலுக்கும் இடையே ஓரிரு ஆண்டுகளே இடைவெளி. பரிமாற்றம் என்று மனதார நினைப்பவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க வேண்டாமா? மெஹ்ரௌலிக்காரர் ஒருவர் பவேரிய உழவரிடம் கேட்பதற்கு நூறு கேள்வி இருக்கும்.

இடமில்லை என்ற சமாதானம் எடுபடாது. சாணக்யபுரியிலேயே நேரு பூங்கா இருக்கிறது. ஸ்பிக் மெகே என்ற அமைப்பு அங்கே நடத்தும் கச்சேரிகளுக்குச் சீட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் புல்லில் உட்கார்ந்து கேட்கலாம். பவேரிய வாத்தியக் குழுவையும் மெஹ்ரௌலி ஷெனாய்க்காரர்களையும் ஒரு ஞாயிறு மாலை அங்கே வாசிக்க வையுங்கள். ஒரு ராட்டினமும் ஒரு காய்கறிக் கண்காட்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீர் இல்லாவிட்டாலும் லுட்விக்கின் திருமணப் பந்தயத்துக்கு அதுதான் நெருங்கிய உறவாக இருக்கும்.