வீட்டிலேயே காசநோய் மருத்துவம்: சென்னை ஆய்வு விடைசொன்ன கேள்வி எது?

புதிய மருந்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஓரளவு பழகிப்போன வழிகள் இருக்கின்றன. நோயாளியை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதையே சோதனைக்கு உட்படுத்துவது அரிது. அந்த அரிய காரியம் 1956இல் சென்னையில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச்சிகிச்சை மையத்தை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த முதல் ஆய்வில், நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு எல்லாம் கிடைத்தன. மற்ற பிரிவினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஐசோனியாசிட், பாஸ் ஆகிய மருந்துகள் மட்டும் இரு பிரிவினருக்கும் பொது. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டில் நோயாளியோடு இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றியதாகவும் தெரியவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, சானடோரியம் என்ற ஏற்பாட்டின் அடித்தளத்தையே அசைத்தது.

ஏழையின் உயிரை வைத்துக் குலுக்கல் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எது மேல் என்று யாருக்கும் தெரியாத நிலையில்தான் குலுக்கல் நடந்தது. படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் சொற்பம். குலுக்கல் இல்லையென்றால் சிபாரிசும் வசதியும் உள்ளவருக்கே படுக்கை போயிருக்கும். ஓரளவு தேறியவர்களே உள்ளே சேர்ந்து, சானடோரியத்தின் பெருமையைப் பொய்யாக உயர்த்தியிருப்பார்கள். வீட்டு மருத்துவம் ஏழைக்கென்று ஒதுக்கிய இரண்டாந்தரம் என்ற குற்றச்சாட்டுக்கும் இந்த ஆய்வே பதில். ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோதும் வீட்டுப் பிரிவினர் பின்தங்கவில்லை. மாதக்கணக்கில் பிழைப்பையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரிந்திருக்கும் துயரம் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதனால் நீங்கியது. இதைவிடப் பெரிய நன்மை செய்த ஆய்வுகள் நம் நாட்டில் குறைவு என்றே நான் கருதுகிறேன்.

அவ்வளவு மதிப்போடு அணுகும்போதுதான் அதன் குறைகளையும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 193 பேரில் ஆறு புள்ளி வேறுபாடு தற்செயலாகவும் வரலாம். அதற்காக வேறுபாடே இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகவும் சொல்ல முடியாது. ஐந்தாண்டுக் கண்காணிப்பு இந்த ஐயத்தைப் பெருமளவு தீர்த்தது என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம். இதைவிடக் கனமானது, வீடு என்று ஆய்வு சொன்னது எந்த வீட்டை என்ற கேள்வி. வீட்டுப் பிரிவினர் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் எடுத்து வந்து பெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள். பாஸ் உட்கொண்டவரின் சிறுநீர் அதில் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். வராதவரைத் தேடிப் போனார்கள். இந்த உழைப்பையும் சேர்த்துத்தான் 86 விழுக்காடு. நாடு முழுவதும் திட்டமாக விரிந்தபோது மாத்திரை வீட்டுக்குப் போனது, தேடிப்போகும் ஆள் பெரும்பாலும் போகவில்லை. செலவு குறைந்த பகுதியை எடுத்துக்கொண்டு, உழைப்பு மிகுந்த பகுதியை விட்டுவிட்டு, ஆய்வின் பெயரை மட்டும் மேற்கோள் காட்டுவது முறையாகாது.

இன்னொரு பிழை இதைவிட ஆழமானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறியது. ஆனாலும் கிருமி அடங்கியதில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை வைத்துக் காசநோய் மருத்துவத்தில் சாப்பாடு முக்கியமில்லை என்ற எண்ணம் பல தலைமுறை மருத்துவர்களிடம் ஊறிவிட்டது. ஆய்வு கேட்டது, மருந்து முறையாகப் போகும்போது படுக்கையும் ஓய்வும் உணவும் சேர்ந்த ஏற்பாடு குணமாவதைக் கூட்டுமா என்பதை. உணவு சாவைக் குறைக்குமா, கூட இருப்பவருக்கு நோய் வராமல் தடுக்குமா என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்வி அறுபதாண்டுகளுக்கும் மேல் காத்துக்கிடந்து, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் கேட்கப்பட்டது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றார்கள். 2,800 நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. அவர்களோடு வாழ்ந்த 10,345 பேரில் ஒரு பிரிவுக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் வந்த முடிவின்படி, உணவு பெற்ற பிரிவில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் 39 விழுக்காடு குறைவு. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடையே சாவும் வெகுவாகக் குறைந்திருந்தது. இந்தச் சாவுக்கணக்கு மட்டும் குலுக்கல் ஒப்பீட்டில் வந்ததல்ல. நோய் முற்றாதவர்களுக்கே எடை எளிதில் ஏறியிருக்கலாம் என்ற மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. நோய் வராமல் தடுத்த கணக்குக்கு அந்த மறுப்பு பொருந்தாது. அது குலுக்கலில் கிடைத்தது.

சராசரி மறைப்பது இன்னும் ஒன்று உண்டு. இரு பிரிவுகளின் மொத்தக் கணக்கு ஏறத்தாழச் சமம் என்பதால், எலும்பும் தோலுமாய் வருபவருக்கும் வீடே போதும் என்று ஆகாது. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த இடைவெளியைத் தொடுகிறது. எடையும் உயரமும், கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பது ஆகியவற்றை ஆரம்பத்திலேயே பார்த்து, ஆபத்தில் உள்ளவரைப் பிரித்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு வீடு, சிலருக்குப் படுக்கை என்ற இந்த ஏற்பாட்டைச் சென்னை ஆய்வின் திருத்தமாகவே பார்க்கிறேன். அதன் மறுப்பாக அல்ல.

குடும்பத்துக்கே உணவு கொடுக்கப் பணம் எங்கே என்பார்கள். காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2018இல் வந்தது, 2024இல் 1,000 ஆனது. இது நோயாளியின் கணக்குக்குப் போகிறது. ஜார்க்கண்டில் பலன் தந்ததோ குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் கொடுத்த அரிசியும் பருப்பும். ரொக்கம் அந்தப் பலனைத் தரும் என்று ஜார்க்கண்ட் முடிவை வைத்துச் சொல்ல முடியாது. வீடுதோறும் எட்டும் ரேஷன் கடைகள் உள்ள தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் குடும்பத்துக்கே பொருளாகவும், சிலவற்றில் இன்றுள்ளபடி நோயாளிக்குப் பணமாகவும் கொடுத்து, எதைப் பெறும் வீடுகளில் புதிய நோயாளிகள் குறைகிறார்கள் என்று குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதற்கு வேண்டிய கடையும் கணக்கும் ஆய்வு நிறுவனமும் இங்கேயே இருக்கின்றன.