ஐம்பதுக்குக் கீழே

இலங்கையின் பத்தாயிரம் வரையிலான அரச பாடசாலைகளில் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாதவை ஆயிரத்தைத் தாண்டும். இவற்றை மூடி அயல் பாடசாலையோடு இணைக்கலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. அதில் நியாயம் இல்லாமலில்லை. விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலையைப் பாசத்துக்காகத் திறந்து வைப்பது பிள்ளைக்குச் செய்யும் உபகாரம் அல்ல. ஆனால் திருகோணமலையில் இந்த ஐம்பது என்ற அளவுகோல் எதை அளக்கிறது?

முதலில், எஞ்சியிருப்பவர் யார் என்று பார்க்கவேண்டும். வான் கூலி கொடுக்க முடிந்தவர்கள் நகரத்துப் புனித சூசையப்பர் கல்லூரிக்கோ, கோணேஸ்வரா இந்துக் கல்லூரிக்கோ, 1923இல் தொடங்கிய சண்முகா இந்து மகளிர் கல்லூரிக்கோ பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள். கெட்டிக்காரரில் மேலும் சிலரைத் தரம் 5 புலமைப்பரிசில் கொண்டுபோகிறது. கிராமத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் கடற்றொழிலாளர், கூலியாட்களின் பிள்ளைகள். மாணவர் தொகை குறைந்ததற்குப் பாடசாலையை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. போக வசதியுள்ளவர்கள் போய்விட்டார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். கொட்டியாரக் குடாவும் களப்புகளும் வெட்டிப்போட்ட மாவட்டம் இது. வரைபடத்தில் இரண்டு கிலோமீற்றர் என்பது நிலத்தில் வேறு கணக்கு. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். அயல் பாடசாலை என்று எழுதுபவர் அந்தத் துறையை ஒருதரம் கடந்து பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் பேசத் தயங்குகிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ நாற்பது வீதம், தமிழர் முப்பது வீதமளவில், மீதி பெரும்பாலும் சிங்களவர். தமிழரும் முஸ்லிம்களும் படிப்பது ஒரே மொழிமூலத்தில். இணைப்பது சுலபம் என்று தாளில் தோன்றும். ஆனால் முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பை ஒட்டியது. 2018இல் சண்முகாவில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா எழுப்பிய சர்ச்சை, உடை ஒன்றே எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது. இனம் கடந்த கல்வி எனக்கும் விருப்பமே. ஆனாலும், செலவு குறைக்கும் சுற்றறிக்கையால் அதைப் பிறப்பிக்கப் பார்ப்பது அசட்டுத்தனம்.

போர் செய்ததையும் சேர்த்து எண்ணவேண்டும். 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அரசு எடுத்திருந்த அவர்களது நிலம் விடுபடத் தொடங்கியது 2015இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரில் பிள்ளையே இல்லை. அப்போது தொகையை வைத்து முடிவெடுத்திருந்தால், திரும்பியவர்களுக்குப் பாடசாலையும் இராது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. நகரத்துக்குள், நடந்துபோகும் தூரத்தில், ஒரே மொழிமூலமும் ஒரே தவணையும் உள்ள இரண்டு சின்னப் பாடசாலைகளை இணைக்கலாம். எதிர்ப்பது பழைய மாணவர் சங்கங்களின் கௌரவப் பிரச்சினை. மூதூர், வெருகல் பக்கம் கூடாது. அங்கே மூடவேண்டும் என்பவர், பஸ் எத்தனை மணிக்கு வரும், மாரியில் வருமா, கட்டணம் யார் கொடுப்பது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தின் கையொப்பத்தோடு முதலில் எழுதித் தரட்டும்.