ஜமீன்தாரும் நாத்தனாரும்

திருச்சுழிப் பக்கம் குண்டாற்று மணலில் உட்கார்ந்து விடிய விடிய நாடகம் பார்த்தவர்களுக்கு, 'மரியா மார்ட்டென்' என்ற ஆங்கிலப் படத்தின் ஆரம்பம் அந்நியமாகத் தோன்றாது. 1935-ல் மில்டன் ராஸ்மர் டைரக்ட் செய்த படம். எடுத்த எடுப்பில் ஒருவர் நாடக மேடையில் தோன்றிப் பாத்திரங்களைச் சபைக்கு அறிமுகம் செய்கிறார். நம்மூர் பபூன் செய்கிற வேலைதான். ஹாஸ்யம்தான் கொஞ்சம் மட்டு.

நடந்த கதை அது. 1827-ல் போல்ஸ்டெட் என்ற கிராமத்தில் வில்லியம் கார்டர் என்பவன், தன்னை நம்பி வந்த மரியாவைக் கொன்று ஒரு தானியக் கொட்டகையில் புதைத்தான். மறு வருஷம் தூக்கில் தொங்கினான். அப்போது அவனுக்கு வயது இருபத்தைந்துதான். குடியானவன் வீட்டுப் பிள்ளை. மேடைக்காரர்களுக்கு இது போதவில்லை. ஏழைப் பெண்ணைக் கெடுக்க ஊர்ப் பெரியதனக்காரன் வேண்டாமா? படத்தில் ஏறக்குறைய ஐம்பது வயது டாட் ஸ்லாட்டர் ஜமீன்தாராக வருகிறார். அவர் சிரிப்பதைப் பார்த்தாலே, தூக்குக் கயிறு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. ரசிக்கலாம், ஆனால் பயம் வரவில்லை. இவ்வளவு பகிரங்கமான அயோக்கியனிடம் யார் ஏமாறுவார்கள்?

அதே 1935-ல் ராஜா சாண்டோவின் டைரக்ஷனில் வந்தது 'மேனகா'. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல், டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடித்துப் புகழ் பெற்றது. கதையில் தற்செயல்கள் அதிகம். வாசகனை மூச்சுவிட விடுவதில்லை. ஆனால் அங்கே பாதகம் செய்வது ஜமீன்தார் அல்ல. புருஷனின் விதவைச் சகோதரிகள், பெருந்தேவியும் கோமளமும், கூடத்தில் உட்கார்ந்து பேசி, தம்பி பெண்டாட்டியை விற்றுவிடுகிறார்கள். காப்பாற்றுகிறவளோ, வாங்கியவனுடைய மனைவி நூர்ஜஹான்!

அருப்புக்கோட்டையில் என் பெரியம்மாவிடம் இரண்டு கதைகளையும் சொன்னேன். அவள் தார் சுற்றிக்கொண்டே கேட்டாள். கார்டரின் கதைக்கு, "பெரிய வீட்டுக்காரன் செய்வான், அவனுக்கென்ன" என்றாள், ராட்டை நிற்கவில்லை. மேனகாவை விற்ற இடம் வந்ததும் ராட்டை நின்றுவிட்டது.

"நாத்தனாரா வித்தா?" என்றாள் மெதுவாக. அடுத்த அறையில் அவளுடைய நாத்தனார் தூங்கிக்கொண்டிருந்தாள்.