‘சூப்பர்நோவா’வும் பழவேற்காடும்

டிமென்ஷியா என்னும் மறதி நோயைக் காட்டும் திரைப்படங்களில் பெரும்பாலும் ஒரு மனைவியோ மகனோ அருகில் இருப்பார்கள். 2020-ல் ஹாரி மக்வீன் இயக்கிய ‘சூப்பர்நோவா’ என்ற ஆங்கிலப் படத்தில் இருப்பவர்கள் இரண்டு ஆண்கள். நெடுங்காலம் துணைவர்களாய் வாழ்ந்தவர்கள். ஒருவர் எழுத்தாளர், நோய் அவருக்கு. மற்றவர் பியானோ கலைஞர்.

நோயைப் படம் பொய்யாகக் காட்டவில்லை. எழுத்தாளரின் குறிப்பேட்டைத் துணைவர் புரட்டும் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து குலைந்து, கடைசியில் வெற்றுத்தாள்! மூளைச் செல்கள் அழிவதைப் பாடநூல்கூட இவ்வளவு எளிதாக விளக்கிவிடாது.

ஆனால், “நீங்கள் இவருக்கு என்ன உறவு?” என்று அந்தத் துணைவரைப் படத்தில் எவரும் கேட்பதே இல்லை. சகோதரி குடும்பத்தார் அன்போடு ஏற்கிறார்கள். சமூகப் பணியாளர் என்று ஒருவர் தலைகாட்டுவதில்லை. இதுதான் குறை.

அதே இருவரைப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வைத்து எண்ணிப் பாருங்கள். ஏரியில் முறைவைத்து மீன் பிடிக்கும் ‘பாடு’ உரிமையே அங்கு பிறப்பு வழியில் ஆண்களுக்கு வருவது. (இருவரும் பெண்களானால் அதுவும் இல்லை.) ‘கூட்டாளி’ என்று சொல்லியே ஒரே தோணியில் மூப்படைந்தவர், நோயாளியோடு பொன்னேரிக்கோ சென்னைக்கோ வைத்தியத்துக்கு வந்தால், “சொந்தக்காரங்க யாரும் வரலையா?” என்பதுதானே முதற்கேள்வியாக இருக்கும்?

அல்சைமர் வகை மறதியில் அண்மை நினைவுகள் முதலில் மறையும். இளமை நினைவுகள் நெடுநாள் நிற்கும். ஆகவே ஒளிந்து வாழ்ந்த காலத்து அச்சம் திரும்பலாம். இத்தனை காலம் மறைத்த உறவை எல்லார் முன்னும் அவர் சொல்லியும் விடலாம். வீட்டார் அதைப் பிதற்றல் என்பார்கள். பிதற்றல் அன்று என உணர்ந்து, ஊருக்குச் சொல்லாமலும் இருக்கத் தெரிந்தவரே நல்ல சமூகப் பணியாளர். அவர் “கல்யாணம் ஆயிற்றா?” என்று தொடங்கமாட்டார்; “உங்களுக்கு யார் பக்கத்தில் இருக்க வேண்டும்?” என்பார்.

சட்டமும் ஒரு வழி வைத்திருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ம் பிரிவுப்படி, வயது வந்த எவரும் வெள்ளைத்தாளில் எழுதி, கையொப்பமோ கைநாட்டோ இட்டுத் தமக்கொரு பிரதிநிதியை நியமிக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. நியமிக்கப்படுபவர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். நினைவு தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. படத்தின் எழுத்தாளரோ தம் முடிவைத் துணைவருக்கும் தெரியாமல் ஒலிநாடாவில் பதிந்து வைக்கிறார். இருவரும் சேர்ந்து எழுதும் தாள் ஒன்று வந்திருந்தால், கதையின் உருக்கம் ஒன்றும் குறைந்திருக்காது.